ரஸ்டில் கொபி எடுக்காமல் ஃப்ரேம் வாசிப்பது: ஒரே பஃபர், மூன்று விதமான போரோ பிழை

கரையோரம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பஸ்களில் பூட்டும் ஜிபிஎஸ் கருவிகள் டிசிபி வழியாக அனுப்பும் தரவை வாங்கிப் பிரிக்கும் பகுதியை ரஸ்ட் நிரல் மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலி வீதி 100, ஹைலெவல் வீதி 138 ஆகிய வழித்தடங்களுக்கான பரீட்சார்த்த வேலை. சேர்வர் சின்னது, மெமரி குறைவு. அதனால் வரும் பைட்டுகளை ஒரே பஃபரில் வைத்து, கொபி எடுக்காமல் அதன் மேலேயே ஸ்லைஸாக (பஃபரின் ஒரு பகுதியைச் சுட்டும் ரெஃபரன்ஸாக) பார்க்க விரும்புகிறேன்.

ஃப்ரேம், அதாவது ஒரு செய்தி, இப்படி: முதல் 2 பைட் நீளம், பிக் எண்டியன் (பெரிய பைட் முதலில்), பேலோடை (உள்ளடக்கத்தை) மட்டும் எண்ணும். அடுத்த 1 பைட் வகை. பிறகு பேலோட். கடைசி 2 பைட் சிஆர்சி (தரவு கெட்டதா என்று பார்க்கும் சோதனை எண்). அநேகமான பேலோட்கள் 40 பைட்டுக்குள் அடங்கும். பஃபர் 65,536 பைட்.

கோட்டை ஒட்டாமல் சொல்லிலேயே எழுதுகிறேன், கேள்வி அமைப்பைப் பற்றியதுதான். ‘வாசிப்பான்’ என்று ஒரு ஸ்ட்ரக்ட். அதற்குள் சொக்கெட், பைட் வெக்டர், தொடக்கம், முடிவு என்ற இரண்டு எண்கள்.

முதல் பிழை. ‘அடுத்தது’ என்ற மெத்தட் &மியூட் செல்ஃப் (தன்னையே மாற்றக்கூடிய கடனாக) வாங்கி, ஒரு பைட் ஸ்லைஸைத் திருப்பித் தர வேண்டும். உள்ளே ஒரு லூப்: பஃபரில் முழு ஃப்ரேம் இருந்தால் அந்த ஸ்லைஸை ரிட்டர்ன் பண்ணு, இல்லையென்றால் ‘நிரப்பு’ மெத்தட்டைக் கூப்பிட்டு மறுபடி பார். ‘நிரப்பு’ வரியில் ஈ0502 வருகிறது: ஏற்கனவே கடன் கொடுத்த பொருளை மியூட்டபிளாகக் கடன் எடுக்க முடியாதாம். அந்த வரிக்கு வரும்போது கையில் ஒரு ஸ்லைஸும் இல்லையே!

இரண்டாவது. வாசிப்பானுக்கு இட்டரேட்டர் ட்ரெயிட்டை (ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் டைப்புகளுக்கான பொது வரையறையை) எழுதப் பார்த்தால் ஈ0207. லைஃப்டைமை (கடன் செல்லுபடியாகும் காலத்தை) இடம் மாற்றி, வாசிப்பானின் மியூட்டபிள் ரெஃபரன்ஸுக்கு எழுதினால் ‘லைஃப்டைம் போதிய அளவு நீளாமல் போகலாம்’ என்கிறது.

மூன்றாவது. பஃபரையும், அதில் கண்டுபிடித்த ஃப்ரேம் ஸ்லைஸ்களின் வெக்டரையும் ஒரே ஸ்ட்ரக்ட்டில் போட்டு வேறு த்ரெட்டுக்கு அனுப்ப வேண்டும். ஈ0505 (கடனில் உள்ளதை நகர்த்துவது), ஈ0515 (உள்ளூர் மாறியின் ரெஃபரன்ஸைத் திருப்பித் தருவது) என்று மாறி மாறி வருகிறது. வெக்டரின் பைட்டுகள் ஹீப்பில்தானே இருக்கின்றன, ஸ்ட்ரக்ட் நகர்ந்தாலும் அவை நகராதே?

அன்சேஃப் (கொம்பைலரின் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டும் கோட்) இல்லாமல் ஒரு வழி உண்டா?

---

நிரல்நெசவு

மூன்றையும் ஒரே நோயாகப் பார்க்க வேண்டாம், மருந்தும் வேறு வேறு. முதலாவதில் உங்கள் நிரல் சரி, கொம்பைலருக்குத்தான் அது எட்டவில்லை. இரண்டாவதில் இட்டரேட்டர் ட்ரெயிட்டின் வடிவமே உங்கள் தேவைக்குப் பொருந்தாது. மூன்றாவதில் கொம்பைலர் மறுப்பது நியாயம். நான் முதலாவதை எடுக்கிறேன்.

திருப்பித் தரும் ஸ்லைஸின் லைஃப்டைமை முடிவு செய்வது உங்கள் ஃபங்ஷன் அல்ல, அதைக் கூப்பிடுபவர். சிக்னேச்சர் சொல்வது அதைத்தான். ஆகவே ஃபங்ஷனுக்குள் இருந்து பார்த்தால் அந்த லைஃப்டைம் ஃபங்ஷன் முடிந்த பின்னும் நீளும் ஒன்று. ‘முழு ஃப்ரேம் இருக்கிறதா’ என்று பார்க்க எடுத்த கடன், ‘உண்டு’ என்ற கிளையில் ரிட்டர்ன் ஆவதால், அந்த நீண்ட லைஃப்டைமோடு கட்டப்படுகிறது. கடன்களைச் சரிபார்க்கும் கொம்பைலர் பகுதிதான் போரோ செக்கர்; அதன் இப்போதைய வடிவமான என்எல்எல், கடனைக் கிளைக்குக் கிளை பிரித்துப் பார்க்காது. கட்டிவிட்டால் அந்த வரியிலிருந்து போய்ச்சேரக்கூடிய எல்லா வரியிலும் கடன் உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ‘இல்லை’ என்ற கிளையில் கையில் எதுவும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

என்எல்எல் திட்டமிடப்பட்ட காலத்திலேயே ரஸ்ட் மொழிக் குழுவின் நிக்கோ மட்சாகிஸ் ‘மூன்றாம் சிக்கல்’ என்று எண் போட்டு விவரித்த வடிவம் இது. 2018 டிசம்பரில் 1.31 பதிப்போடு என்எல்எல் வந்தபோது இந்த ஒன்று மட்டும் வெளியே நின்றுவிட்டது. பொலோனியஸ் என்ற அடுத்த செக்கர் கேள்வியையே திருப்பிப் போடுகிறது: இந்த இடத்தில் உயிரோடுள்ள ரெஃபரன்ஸ் எந்தெந்தக் கடனிலிருந்து வந்திருக்கலாம்? ‘இல்லை’ கிளையில் உயிருள்ள ரெஃபரன்ஸ் ஒன்றும் இல்லை, எனவே கடனும் இல்லை.

ஒரு பிழை இந்த இனமா என்று பார்க்க நல்ல சோதனை: நைட்லி (சோதனைப் பதிப்பு) டூல்செயினைப் போட்டு, ரஸ்ட்ஃபிளாக்ஸ் மாறியில் ‘இசட்-பொலோனியஸ்’ கொடியைக் கொடுத்து கார்கோ செக் ஓட்டுங்கள். அங்கே தேறினால் வடிவத்தைச் சற்று மாற்றினால் போதும். அங்கேயும் விழுந்தால் டிசைனைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். பெரிய புரொஜெக்ட்டில் மெதுவாக ஓடும், சிக்கலை மட்டும் ஒரு சின்ன ஃபைலில் பிரித்தெடுத்துச் சோதியுங்கள்.

இனி மாற்றம். லூப்புக்குள் ஸ்லைஸைத் தேடாமல் எண்ணைத் தேடுங்கள்.

‘முழுநீளம்’ என்று ஒரு தனி ஃபங்ஷன். அது செல்ஃப் வாங்கக் கூடாது, வெறும் பைட் ஸ்லைஸ் வாங்கி ஒப்ஷன் யூசைஸ் (ஓர் எண், அல்லது ‘இல்லை’ என்னும் நன்) தரட்டும். 2 பைட்டுக்குக் குறைவென்றால் நன். நீளத்தை வாசித்து 5 கூட்டு (நீளப் பகுதி 2, வகை 1, சிஆர்சி 2). கையிருப்பு அதைவிடக் குறைவென்றால் நன், இல்லாவிட்டால் அந்தக் கூட்டுத்தொகை.

‘அடுத்தது’ மெத்தட்டின் லூப், தொடக்கம் முதல் முடிவு வரையான பகுதியை ‘முழுநீளம்’ ஃபங்ஷனுக்குக் கொடுக்கும். எண் வந்தால் அந்த எண்ணோடு பிரேக், நன் என்றால் ‘நிரப்பு’. எண் கொபி டைப் (தானாகவே கொபியாகும்), அதில் கடன் ஒட்டியிருக்காது. லூப்புக்கு வெளியே வந்தபின் பழைய தொடக்கத்தை ஒரு மாறியில் வைத்து, தொடக்கத்தை நகர்த்தி, கடைசி வரியில் ஒரே ஒரு தடவை ஸ்லைஸை எடுத்து ரிட்டர்ன் பண்ணுங்கள். கூடுதல் செலவு ஒரு எல்லைச் சோதனை மட்டும்.

தொடக்கத்தை நகர்த்தும் வேலையை &மியூட் செல்ஃப் வாங்கும் இன்னொரு மெத்தட்டாக ஆக்கி, ஸ்லைஸை எடுத்த பிறகு அதைக் கூப்பிட்டால் திரும்பவும் ஈ0502 வரும். ஒரே ஃபங்ஷனுக்குள் ஃபீல்டுகளை நேரே தொட்டால் கொம்பைலர் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கும். மெத்தட் எல்லையைத் தாண்டினால் செல்ஃப் முழுவதும் ஒரே கடன். எந்த ஃபீல்டைத் தொடுகிறோம் என்று சிக்னேச்சரில் எழுத இன்றைக்கு ரஸ்டில் வழி இல்லை. அதனால் ‘நிரப்பு’ போன்ற உதவிக் கோடுகளை, தேவையான ஃபீல்டுகளை மட்டும் வாங்கும் தனி ஃபங்ஷன்களாக எழுதிப் பழகுவது நல்லது.

‘நிரப்பு’ செய்ய வேண்டியது: பின்பக்கம் இடம் முடிந்தால் மிச்சப் பைட்டுகளை கொபி_விதின் கொண்டு தலைப்பகுதிக்கு நகர்த்தி, பிறகு ரீட். முன்பு கொடுத்த ஃப்ரேம் இதனால் அழியும், ஆனால் &மியூட் செல்ஃப் மறுபடி கிடைத்தது என்றாலே பழைய ஸ்லைஸை எவரும் வைத்திருக்கவில்லை என்று அர்த்தம். இந்த உத்தரவாதம்தான் நமக்கு வேண்டியது.

இன்னொன்று, இது போரோ செக்கர் பிடிக்காத பிழை. உங்கள் நீளம் பேலோடை மட்டும் எண்ணுகிறது. அப்படியானால் மிகப் பெரிய ஃப்ரேம் 65,535 + 5 = 65,540 பைட். பஃபர் 65,536. நாலு பைட் போதாது. அப்படியொரு ஃப்ரேம் வந்தால் பஃபர் நிரம்பிவிடும், ரீட் கோலுக்கு வெறும் ஸ்லைஸ் போகும், அது ஓகே 0 என்று திரும்பும். நீங்கள் அதை ‘இணைப்பு முடிந்தது’ என்று வாசிப்பீர்கள். பஃபரைக் கூட்டுங்கள், அல்லது பேலோடுக்கு 1,024 போல ஒரு உச்சவரம்பு வைத்து, மீறினால் பிழை என்று இணைப்பை மூடுங்கள். நான் இரண்டாவதையே செய்யச் சொல்வேன். வெளியிலிருந்து வரும் நீளத்தை நம்பி மெமரி ஒதுக்கக் கூடாது.

---

கரையோரம்

எண்ணைத் தேடும் வழி உடனே வேலை செய்தது, மிக்க நன்றி. உச்சவரம்பும் போட்டாயிற்று.

இட்டரேட்டர் விஷயம்தான் இன்னும் விளங்கவில்லை. நான் கலெக்ட் பண்ணப் போவதில்லை. ஃபோர் லூப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு விடப்போகிறேன். அப்படி இருக்க ஏன் மறுக்கிறது?

---

பொரளை_கேர்னல்

ஏனென்றால் இட்டரேட்டர் என்று அறிவிப்பது ‘கலெக்ட் பண்ணலாம்’ என்று எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பது. நீங்கள் பண்ணுவீர்களா மாட்டீர்களா என்பது அந்த ட்ரெயிட்டில் எங்கும் இல்லை.

வரையறையைப் பாருங்கள். ஐட்டம் என்ற அசோசியேட்டட் டைப் ஒன்று. நெக்ஸ்ட் மெத்தட் &மியூட் செல்ஃப் வாங்கி ஒப்ஷன் ஐட்டம் தரும். அந்த &மியூட் செல்ஃபின் லைஃப்டைமுக்கும் ஐட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே ஒரு ஐட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த நெக்ஸ்டைக் கூப்பிட எவருக்கும் உரிமை உண்டு. கலெக்ட், பீக்கபிள், மேக்ஸ் எல்லாம் அந்த உரிமையில்தான் நிற்கின்றன. உங்கள் பஃபரிலோ அடுத்த அழைப்பில் பழைய ஃப்ரேம் மேலெழுதப்படலாம். ஈ0207 வருவது, ஐட்டத்தில் எழுதிய லைஃப்டைம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட வழியே இல்லாததால்.

தொடர்பைக் காட்டும் வழி 2022 நவம்பரில் 1.65 உடன் வந்தது: ஜெனரிக் அசோசியேட்டட் டைப், சுருக்கமாக காட். ஐட்டத்துக்கே ஒரு லைஃப்டைம் பராமீட்டர் கொடுத்து, ‘செல்ஃப் அந்த லைஃப்டைம் வரை வாழ வேண்டும்’ என்று ஒரு வேர் கிளோஸ் (நிபந்தனை வரி) சேர்த்து, நெக்ஸ்ட் அந்தக் கடனின் லைஃப்டைமோடு ஐட்டம் தருவதாக எழுதலாம். லெண்டிங் இட்டரேட்டர் என்று பெயர். டைப் சிஸ்டம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் கிடைப்பதையும் இழப்பதையும் தெரிந்து இறங்குங்கள்.

ஃபோர் லூப் கிடையாது, ‘வைல் லெட் சம்’ தான். மேப், ஃபில்டர், ஸிப் எதுவும் கிடையாது, வேண்டுமென்றால் நீங்களே எழுத வேண்டும். ஃபில்டர் எழுத உட்கார்ந்தால் மேலே நிரல்நெசவு சொன்ன அதே மூன்றாம் சிக்கல் எதிரே வரும்: லூப்பில் நெக்ஸ்டைக் கூப்பிடு, பொருந்தினால் ரிட்டர்ன், இல்லாவிட்டால் மறுபடி கூப்பிடு. ஜெனரிக்காக இருப்பதால் எண்ணைத் தேடும் தந்திரமும் செல்லாது, ஐட்டத்துக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாதே. அங்கே பொலோனியஸ்-த-க்ராப் என்ற க்ரேட் (வெளி லைப்ரரி) உதவும். அன்சேஃபை ஒரு மேக்ரோவுக்குள் அடைத்து, பொலோனியஸ் ஏற்கும் வடிவத்தை மட்டும் அனுமதிக்கும்.

இன்னொரு பொறி: ‘எல்லா லைஃப்டைமுக்கும் ஐட்டம் டிபக் ஆக இருக்க வேண்டும்’ என்று ஒரு நிபந்தனை எழுதினால், உள்ளே கடன் எடுத்த எந்த டைப்பும் தேறாது. அந்த வேர் கிளோஸையும் ‘எல்லா லைஃப்டைமுக்கும்’ என்பதையும் சேர்த்துப் படித்த கொம்பைலர், செல்ஃப் ஸ்டாட்டிக்காக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறது. காட் வெளிவந்தபோதே அறிவிக்கப்பட்ட குறைபாடுதான் இது.

உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வாசிப்பான். அதற்கு ட்ரெயிட்டே வேண்டாம். ‘அடுத்தது’ மெத்தட் இருக்கிறது, ‘வைல் லெட்’ இருக்கிறது, அவ்வளவு போதும். அழகாக வேண்டுமென்றால் உட்பக்க லூப்: ‘ஒவ்வொரு_ஃப்ரேமும்’ என்ற மெத்தட் ஒரு எஃப்என்மியூட் குளோஷரை (பெயரில்லாத ஃபங்ஷனை) வாங்கி, ஒவ்வொரு ஸ்லைஸையும் அதற்குக் கொடுக்கட்டும். குளோஷர் கன்ட்ரோல்ஃப்ளோ திருப்பித் தந்தால் நடுவில் நிறுத்தவும் முடியும். ஃப்ரேம் குளோஷருக்கு வெளியே தப்பாது, லைஃப்டைம் பெயர் ஒன்றுகூட எழுத வேண்டியதில்லை.

இதிலும் ஒரு இடறல் உண்டு. குளோஷரை முதலில் ஒரு லெட் மாறியில் போட்டு, பிறகு அனுப்பினால் ‘எஃப்என்ஒன்ஸ் இம்ப்ளிமென்டேஷன் போதிய அளவு பொதுவாக இல்லை’ என்ற வகைப் பிழை வரலாம். தனியே எழுதிய குளோஷருக்கு கொம்பைலர் ஒரேயொரு குறிப்பிட்ட லைஃப்டைமை ஊகித்துவிடுகிறது, நமக்குத் தேவை எல்லா லைஃப்டைமுக்கும் பொருந்துவது. மெத்தட் அழைப்புக்குள்ளேயே குளோஷரை எழுதுங்கள், அல்லது பராமீட்டரின் டைப்பை ‘யூ8 ஸ்லைஸ் ரெஃபரன்ஸ்’ என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

---

தர்மினி

மூன்றாவதற்கு வருகிறேன்.

‘ஹீப்பில் உள்ளது நகராதே’ என்ற வாதம் பாதிதான் சரி. ஸ்ட்ரக்ட் நகர்ந்தால் ஹீப் நகராது, உண்மை. ஆனால் வெக்டரில் ஒரு புஷ் நடந்து கொள்ளளவு போதாமல் போனால் ஹீப் ஒதுக்கீடே இடம் மாறும், ஸ்லைஸ்கள் எல்லாம் செத்த முகவரியைக் காட்டும். ‘இந்த வெக்டரை இனி எவரும் நீட்ட மாட்டார்கள், ஸ்லைஸ்களுக்கு முன் இது ட்ரொப் ஆகாது’ என்று ஒரு ஸ்ட்ரக்ட்டின் டைப்பில் எழுத ரஸ்டில் இடமில்லை. ஒரு ஃபீல்டின் லைஃப்டைம் பக்கத்து ஃபீல்டைச் சுட்ட முடியாது. பின் என்ற டைப்பைப் போடச் சொல்லி எவராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது நகராமல் இருக்கும் வாக்குறுதி மட்டும், உள்ளே ரோ பொயின்டரும் அன்சேஃபும் நீங்களே எழுத வேண்டும்.

எளிய வழி: ஸ்லைஸை வைக்காமல் ஒஃப்செட்டை வைத்தல். தொடக்கம், நீளம் என்று இரண்டு யூ32 கொண்ட ஒரு சின்ன ஸ்ட்ரக்ட், அதன் வெக்டர், கூடவே பஃபர். ‘எடு’ என்ற மெத்தட் எண் ஒன்றை வாங்கி அந்த நேரத்தில் ஸ்லைஸை உண்டாக்கித் தரும். 64 பிட் இயந்திரத்தில் ஸ்லைஸ் ரெஃபரன்ஸ் ஒன்று 16 பைட், இது 8 பைட். முழுவதும் சொந்தப் பொருள் என்பதால் சென்ட் (வேறு த்ரெட்டுக்கு அனுப்பலாம் என்ற அனுமதி) தானாகவே கிடைக்கும், சனலில் போட்டு அனுப்பலாம். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ரேஞ்ச் டைப்பை இதற்கு எடுக்காதீர்கள். அது தானே ஒரு இட்டரேட்டர் என்பதால் கொபி இல்லை, எங்கு பார்த்தாலும் குளோன் எழுத வேண்டி வரும். இந்த வழியின் குறை: ஒரு பஃபரின் ஒஃப்செட்டை இன்னொரு பஃபரில் போட்டாலும் கொம்பைலருக்குத் தெரியாது. அதனால் இரண்டையும் ஒரே ஸ்ட்ரக்ட்டில் பூட்டி, ஃபீல்டுகளைப் பிரைவேட்டாக வைத்து, ஒஃப்செட்டை வெளியே விடாதீர்கள்.

வேலை முடியும்வரை இந்த த்ரெட் காத்திருக்கலாம் என்றால் இன்னும் எளிது. 2022 ஓகஸ்ட்டில் வந்த 1.63 முதல் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே ஸ்கோப்ட் த்ரெட் உண்டு. ஸ்கோப் முடியுமுன் எல்லா த்ரெட்டும் முடிந்துவிடும் என்பது உறுதியாவதால், ஸ்டாட்டிக் கேட்காமல் ஸ்லைஸ்களையே கொடுக்கலாம். அதுவரை பஃபரை நிரப்ப முடியாது, அதுதான் விலை.

மூன்றாவது, பைட்ஸ் க்ரேட். பைட்ஸ்மியூட் பஃபரில் வாசித்து, ஸ்ப்ளிட்_டூ கொண்டு ஃப்ரேமை வெட்டி, ஃப்ரீஸ் பண்ணினால் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையோடு கூடிய சொந்தத் துண்டு கிடைக்கும். லைஃப்டைமே கிடையாது. உங்கள் இரண்டாவது கேள்வியும் கரைந்துவிடும்: ஐட்டம் சொந்தப் பொருளானால் சாதாரண இட்டரேட்டர், ஃபோர் லூப், கலெக்ட் எல்லாம் செல்லும். பின்னாளில் டோக்கியோ என்ற அசிங்க் லைப்ரரிக்கு மாறுவதென்றால் டோக்கியோ-யூட்டில் க்ரேட்டின் லெங்த்-டிலிமிட்டட் கோடெக் இதையே செய்கிறது. நீளப் பகுதி 2 பைட், லெங்த் அட்ஜஸ்ட்மென்ட் +3 (வகை 1, சிஆர்சி 2 நீளத்தில் சேராததால்). உச்சவரம்பை மறக்காமல் குறையுங்கள், சும்மா விட்டால் அது 8 மெகாபைட்.

பைட்ஸில் கவனிக்க வேண்டியது, சின்னத் துண்டு ஒன்று உயிரோடிருந்தால் முழு ஒதுக்கீடும் உயிரோடிருக்கும். ஒவ்வொரு பஸ்ஸின் கடைசி இடத்தையும் ஹாஷ்மேப்பில் 40 பைட் துண்டாக வைத்தீர்கள் என்று எடுங்கள். 500 பஸ், ஒவ்வொன்றும் தன் 64 கிலோபைட் பஃபரைப் பிடித்து வைத்தால் 31 மெகாபைட்டுக்கு மேல் போய்விடும், பயன்படுவது 20 கிலோபைட். நீண்ட நேரம் வைப்பதை கொபி_ஃப்ரம்_ஸ்லைஸ் போட்டுப் பிரித்து வையுங்கள்.

---

நிரல்நெசவு

தர்மினி சொன்னதெல்லாம் சரி, ஆனால் இந்த வேலைக்குப் பைட்ஸை நான் முதலில் எடுக்க மாட்டேன். வெட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அட்டோமிக் எண்ணிக்கை ஏறி இறங்குகிறது, 64 பிட்டில் கைப்பிடியே 32 பைட். 40 பைட்டை நேரடியாகக் கொபி எடுப்பதைவிட இது இலாபம் என்று அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. பெரிய பேலோட்களுக்குத்தான் அது தன் பெறுமதியைக் காட்டும்.

இதைவிட அடிப்படையான கேள்வி: அடுத்த த்ரெட்டுக்குப் போக வேண்டியது பைட்டுகளா, அவற்றின் பொருளா? இட ஃப்ரேமில் இருப்பது கருவி எண் யூ32, நேரம் யூ32, அகலாங்கு ஐ32, நெட்டாங்கு ஐ32, வேகம் யூ16, திசை யூ16 என்றால் மொத்தம் 20 பைட். கொபி டைப். ‘வைல் லெட்’ உள்ளேயே சிஆர்சியைச் சரிபார்த்து, இந்த ஸ்ட்ரக்ட்டாக மாற்றி, அதைச் சனலில் அனுப்புங்கள். லைஃப்டைம் பார்சருக்குள் பிறந்து பார்சருக்குள்ளேயே முடிந்துவிடும். மூன்றாவது பிழைக்கு வேலையே இல்லை.

---

பொரளை_கேர்னல்

அதோடு ஒன்று. அகலாங்கையும் நெட்டாங்கையும் வெறும் ஐ32 ஆக விடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி நியூடைப் (ஒரே ஃபீல்டைச் சுற்றிய தனி டைப்) வையுங்கள், ரெப்ர் டிரான்ஸ்பேரன்ட் போட்டால் மெமரியில் ஐ32க்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

கொழும்பில் இது முக்கியம். நம் அகலாங்கு ஏறக்குறைய 6.93, நெட்டாங்கு 79.86. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் 79.86 ஒரு செல்லுபடியான அகலாங்குதான், 90ஐத் தாண்டவில்லை. எல்லைச் சோதனை ஒன்றும் சொல்லாது, பஸ் ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் ஓடும். டோக்கியோ நகரில் இருந்தால் நெட்டாங்கு 139 என்பதால் அதே சோதனை உடனே பிடித்திருக்கும். இங்கே டைப்பைத் தவிர வேறு காவல் இல்லை.

நியூடைப்புக்கு ‘ஐ32 இலிருந்து ஃப்ரம்’ எழுத வேண்டாம். எழுதினால் இன்டூ போட்டு எவரும் எதையும் எதுவாகவும் மாற்றிவிடுவார்கள், காவல் போய்விடும். ‘அகலாங்கு::பத்துமில்லியனில்’ போல பெயரோடு ஒரே ஒரு கன்ஸ்ட்ரக்டர், ஒப்ஷன் அல்லது ரிசல்ட் தரட்டும். டிகிரியை 1,00,00,000 ஆல் பெருக்கி வைத்தால் நம் நெட்டாங்கு 79,86,12,000 போல வரும். 180 டிகிரி கூட ஐ32 எல்லைக்குள் அடங்கும்.

---

கரையோரம்

20 பைட் ஸ்ட்ரக்ட்டாக அனுப்பும் வழியையே எடுக்கிறேன், மூன்றாவது தலையிடி தீர்ந்தது.

கடைசியாக ஒன்று. கருவிக்குத் திருப்பி அனுப்பும் பதில்கள் நிலையான நீளம் கொண்டவை. பேலோட் நீளத்தை கொன்ஸ்ட் ஜெனரிக் (டைப்பின் பராமீட்டராக வரும் எண்) ‘என்’ (N) ஆக வைத்து, முழுப் பதிலை ‘என் + 5’ நீள அரேயாக எழுதினால், ஜெனரிக் பராமீட்டரை அங்கே கணக்கில் பயன்படுத்த முடியாது என்கிறது. நைட்லி இல்லாமல் முடியுமா?

---

தர்மினி

2021 மார்ச்சில் 1.51 உடன் வந்த கொன்ஸ்ட் ஜெனரிக்கில் என் என்பதைத் தனியாக வைக்கலாம், அதன் மேல் கணக்கு வைக்க முடியாது. காரணம் உண்டு: ‘என் + 5’ உம் ‘5 + என்’ உம் ஒரே டைப்பா என்று கொம்பைலர் எல்லா என்னுக்கும் தீர்மானிக்க வேண்டும், கூட்டல் எல்லை மீறினால் என்ன செய்வது என்றும் சொல்ல வேண்டும். நைட்லியில் இருக்கும் வசதியை உற்பத்திக்கு எடுக்காதீர்கள்.

உங்களுக்கு அரே தேவையே இல்லை. ரெப்ர் சி போட்டு ஒரு ஸ்ட்ரக்ட்: தலை 3 பைட் அரே, பேலோட் என் பைட் அரே, சிஆர்சி 2 பைட் அரே. எல்லாமே யூ8 என்பதால் அலைன்மென்ட் 1, இடையில் பேடிங் விழாது, மொத்த அளவு சரியாக என் + 5. தலைக்குள் யூ16 ஃபீல்டாகவே வைத்தால் அலைன்மென்ட் 2 ஆகிக் கணக்குக் கெட்டுப்போகும். பைட் அரேயாக வைத்து டூ_பிஇ_பைட்ஸ் கொண்டு நிரப்புங்கள். அனுப்பும்போது மூன்று அரேயையும் வரிசையாக பஃப்ரைட்டருக்குள் ரைட்_ஓல் செய்து, ஒரு ஃபிளஷ். அன்சேஃப் கிடையாது.

அரேயே வேண்டும் என்றால் என், மொத்தம் என்று இரண்டு கொன்ஸ்ட் பராமீட்டர் வைத்து, கன்ஸ்ட்ரக்டருக்குள் ஒரு கொன்ஸ்ட் பிளொக்கில் ‘மொத்தம் = என் + 5’ என்று அசெர்ட் பண்ணலாம். ஃபங்ஷனுக்குள் கொன்ஸ்ட் பிளொக் 2024 ஜூனில் வந்த 1.79 முதல் உண்டு. தவறான எண் கொடுத்தால் கொம்பைல் நின்றுவிடும். ஆனால் அந்தச் சோதனை குறிப்பிட்ட எண்ணோடு ஃபங்ஷன் உருவாகும்போதுதான் நடக்கும். கார்கோ செக் பேசாமல் தேறி, கார்கோ பில்டில் விழுவதைக் காண்பீர்கள். சிஐயில் (தானியங்கிச் சோதனையில்) செக் மட்டும் ஓட்டினால் போதாது.

---

நிரல்நெசவு

வாசிப்பானை சொக்கெட்டுக்கு மட்டும் எழுதாமல், ரீட் ட்ரெயிட் கொண்ட எந்த டைப்புக்கும் ஜெனரிக்காக எழுதுங்கள். அப்போது சோதனைக்கு, கேட்ட அளவைப் பாராமல் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பைட் மட்டும் தரும் போலி ரீடர் ஒன்றைக் கொடுக்கலாம். பேலோட் 0 (முழு ஃப்ரேம் 5 பைட்), 40, உங்கள் உச்சவரம்பு, உச்சவரம்பு + 1, ஒரே ரீட்டில் இரண்டரை ஃப்ரேம், நீளப் பகுதியின் முதல் பைட்டோடு இணைப்பு அறுவது: இத்தனையும் ஓட வேண்டும். கடைசியில் சொன்னதற்கு ‘முடிந்தது’ என்று பதில் வரக் கூடாது, அன்எக்ஸ்பெக்டட்-ஈஓஎஃப் (எதிர்பாராத முடிவு) என்ற பிழை வர வேண்டும். தொடக்கமும் முடிவும் சமமாக இருக்கையில் ரீட் 0 தந்தால் மட்டுமே சுத்தமான முடிவு.

சிஆர்சி பொருந்தாவிட்டால் அந்த ஃப்ரேமை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். நீளப் பைட்டே கெட்டிருந்தால் அடுத்த ஃப்ரேம் எங்கே தொடங்குகிறதென்று உங்களிடம் எந்த அடையாளமும் இல்லை. இணைப்பை மூடினால் கருவி திரும்ப இணைந்து புதிதாகத் தொடங்கும்.